வேட்டைக்காட்டில் ஒரு விளையாட்டு

மூன்று வருடங்களுக்கு முன், ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் இது நடந்தது. ஜேர்மனியில், ஹனோவரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் போய், பிறகு பஸ் பிடித்தால் ஒரு பழைய அரச வேட்டைக்காடு வரும். அங்கே நான் வழிகாட்டியாக வேலை செய்கிறேன். பள்ளிப் பிள்ளைகளையும் சுற்றுலாவுக்கு வருபவர்களையும் நடத்திக் கூட்டிக்கொண்டு போய், மரங்களையும் மிருகங்களையும் காட்டி, காட்டின் கதையைச் சொல்வது என் வேலை.

அந்தக் காட்டைப் பற்றிச் சொல்லாமல் என் கதையைச் சொல்ல முடியாது. ஒக்டோபரில் அங்கே பீச் மரங்கள் எல்லாம் பொன்னிறமாகிவிடும். காலையில் மூடுபனி விலகும்போது, வெயில் மேலிருந்து வருகிறதா இலைகளிலிருந்தே வருகிறதா என்று தெரியாது. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஓக் மரங்கள் நிற்கின்றன. பாதையோரம் காட்டுப்பன்றிகள் இரவில் மூக்கால் கிளறிப்போட்ட ஈரமண் வாசம் எப்போதும் இருக்கும். ஆண்மான்கள் துணை தேடிக் கத்தும் காலத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் அந்தக் குரலையும் கேட்கலாம். முதன்முதலில் கேட்பவர்கள் அதை மான் என்று நம்பவே மாட்டார்கள்.

காட்டைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் ஒரு கல்மதில் ஓடுகிறது. பாசி பிடித்து, பன்னச்செடி முளைத்து, பார்க்க அழகாக இருக்கும். உள்ளே இருக்கும் பன்றியும் மானும் வெளியே போகக் கூடாது என்பதற்காக அரசர் கட்டுவித்த மதில் அது. அவர் வந்து சுடும்போது மிருகம் இருக்க வேண்டும் அல்லவா?

என் அப்பாவும் அம்மாவும் எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். நான் ஹனோவரில் பிறந்தேன். காட்டில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் என்று என்னை எங்கள் ஆட்கள் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் பார்ப்பார்கள். அதனால் தமிழ்ப் பள்ளி நடத்தும் அக்கா ஒருவர் ஒருநாள் போன் எடுத்து, "பிள்ளை, எங்கட பிள்ளையளையும் தாய் தகப்பனையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாறன், நீ தமிழில எல்லாத்தையும் சொல்ல வேணும்" என்று கேட்டபோது எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. ஒரு வாரமாகச் சொற்களைத் தேடித் தேடி எழுதி வைத்துப் பாடமாக்கினேன்.

பதினெட்டுப் பிள்ளைகள், பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் வந்தார்கள். ரோல்ஸும் தேநீர்ப் போத்தலுமாக அக்கா முன்னால் வந்தார். கூட்டத்தில் முப்பது வயதைத் தாண்டிய ஒருவர், எட்டு வயது மகளைக் கையில் பிடித்தபடி கடைசியாக நடந்து வந்தார். வன்னிப் பக்கத்து ஆள், பேக்கரி ஒன்றில் வேலை, இங்கே வந்து ஐந்து வருடம், மனைவியும் மகளும் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள் என்று அக்கா எனக்கு அறிமுகம் செய்து வைத்தார். மனைவிக்கு அன்று வேலை. அவர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, காட்டில பாம்பு இருக்கோ?" என்று கேட்டார். இருந்தாலும் ஒன்றும் செய்யாது என்றேன். "அப்ப நல்ல காடுதான்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருதடவைதான்.

வெட்டவெளி ஒன்றுக்கு வந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து, அரச வேட்டை எப்படி நடந்தது என்று சொன்னேன். அரசர்கள் மிருகத்தைத் தேடிக் காடெல்லாம் அலையவில்லை. சுற்றுவட்டத்துக் குடியானவர்களை வேலைக்கு இழுத்து வருவார்கள். அவர்கள் நாட்கணக்காக மேளம் அடித்து, கூச்சல் போட்டு, காட்டின் எல்லாப் பக்கமிருந்தும் மிருகங்களைக் கலைத்துக்கொண்டு வருவார்கள். பக்கவாட்டில் ஓடாமல் இருக்க மரங்களுக்கிடையே கயிறு கட்டி, கந்தல் துணிகளைத் தொங்கவிடுவார்கள். காற்றில் ஆடும் துணிக்குப் பயந்து மிருகம் உள்ளேயே நிற்கும். வட்டம் நாளுக்கு நாள் சிறுக்கும். கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கும்போது, அரசரும் விருந்தாளிகளும் கூரை போட்ட மேடையில் வசதியாக இருந்து சுடுவார்கள்.

மகளோடு வந்த அந்த அண்ணை கையை உயர்த்தினார். பள்ளிப் பிள்ளை மாதிரி.

"அதுக்குள்ளால தப்பினது ஒண்டும் இல்லையோ?"

நான் காத்திருந்த கேள்வி அது. இருக்கிறது என்றேன். சில மிருகங்கள் துணிகளுக்குள் பாய்ந்து ஓடிவிடும். அதனால்தான் கைக்கு எட்டியது தப்பிப் போனால் 'கந்தலுக்குள்ளால் போய்விட்டது' என்று ஜேர்மன்காரர் இன்றைக்கும் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். பிள்ளைகளுக்கு அந்த ஜேர்மன் சொற்றொடர் தெரியும். ஆளையாள் பார்த்துச் சிரித்தார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு விளையாட்டு. ஜேர்மன் பிள்ளைகளோடு பல தடவை விளையாடியதுதான், எப்போதும் பிடித்துப்போகும். சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டிய நீண்ட கயிறு ஒன்று வைத்திருக்கிறேன். பிள்ளைகள்தான் மான்கள், நடுவில் ஓடித் திரிவார்கள். பெரியவர்கள் சுற்றி நின்று கயிற்றைப் பிடித்து, சத்தம் போட்டுக்கொண்டு அடி அடியாக உள்ளே வரவேண்டும். நான் அரசர். மரக்குற்றியில் ஏறி நின்று வேட்டைக் கொம்பை ஊதுவேன். ஊதியதும் மான்கள் எல்லாம் விழுந்துவிட வேண்டும்.

வட்டம் ஒரு சிறிய அறையின் அளவுக்கு வந்துவிட்டது. பெரியவர்கள் "ஹோ, ஹோ" என்று கத்த, பிள்ளைகள் நடுவில் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு கீச்சிட்டுக் கத்தினார்கள். நான் கொம்பை எடுத்து ஊதினேன்.

கயிற்றின் மறுபக்கம் நின்ற அண்ணை கயிற்றை அறுப்பது போல இழுத்து எறிந்தார். பிள்ளைகளை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து, மகளைக் கையில் பிடித்து இழுத்தார். அவள் நிலத்தில் விழுந்து கிடந்தாள், மான் அல்லவா. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கி மரங்களுக்குள் ஓடினார். தன்னை விடச் சொல்லி அவள் ஜேர்மன் மொழியில் வீரிட்டாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். மான் ஒன்று தப்பிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன். அவர் நிற்பார், திரும்பி வருவார் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் நிற்கவில்லை.

அக்காவிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு நான் பின்னால் ஓடினேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். அழகு என்று நான் சொல்லிச் சொல்லித் திரிந்த அந்தப் பொன்னிலைகள் கணுக்கால் அளவுக்குக் குவிந்து கிடந்து, அவர் போன தடம் தெரியாமல் மூடியிருந்தன. கால் மணி நேரத்துக்கு மேல் தேடியிருப்பேன். ஒரு குழந்தையின் முனகல் கேட்டுத்தான் இடத்தைக் கண்டுபிடித்தேன்.

மதிலுக்குக் கீழே இருந்தார். மதில் வழியை மறித்ததும் அதன் ஓரமாகவே ஓடியிருக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் கீறி இரத்தமும் பாசியுமாக இருந்தது. மகளை மடியில் வைத்து, அவளுக்கு மேல் தான் கவிழ்ந்து, இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். ஒருதடவை வேரில் தடுக்கி இருவரும் விழுந்திருக்கிறார்கள். பிள்ளையின் இடது கை மணிக்கட்டுக்கு மேல் வளைந்து வீங்கியிருந்தது.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "பாதை எங்க? பாதையைக் காட்டுங்கோ" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அந்தப் பக்கம் வாசல் இருக்கிறது, திறந்துதான் கிடக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மெதுவாக அவருடைய கண் என்னிடம் வந்து நின்றது.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ" என்றார். பிறகு அவராகவே சொன்னார். "சண்டையின்ர கடைசி மாசங்களிலை எங்களையும் இப்பிடித்தான் கலைச்சுக்கொண்டு வந்தவங்கள். அங்க போ எண்டாங்கள், போனம். பிறகு இங்க வா எண்டாங்கள். இடம் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில கடற்கரைதான் மிச்சம். என்ர தங்கச்சிக்குப் பதினொரு வயசு. ஷெல் குண்டு விழேக்க சனம் எல்லாம் ஒருமிக்கத் தள்ளினது. நான் கையை விட்டிட்டன்."

அப்போதுதான் மகளின் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை.

அம்புலன்ஸ் காட்டுப் பாதை வழியாக வந்தது. வந்தவர்கள் என்ன நடந்தது என்று கேட்டார்கள். அவருக்கு ஜேர்மன் குறைவு. நான்தான் பதில் சொன்னேன். விழுந்துவிட்டாள் என்றேன். அவர் என்னை நன்றியோடு பார்த்தார்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. வன்னியில் போர் முடிந்த அந்த வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா அப்பாவோடு ரயில் நிலையத்துக்கு முன்னால் குளிரில் நின்று பதாகை பிடித்திருக்கிறேன். படங்கள் பார்த்திருக்கிறேன், கோஷம் போட்டிருக்கிறேன். எல்லாம் தெரிந்த நான்தான், அங்கிருந்து வந்த ஒரு மனிதனின் கையில் கயிற்றைக் கொடுத்து, அவருடைய பிள்ளையை நடுவில் விட்டு, நெருங்கி வாருங்கோ என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். கொம்பு ஊதினேன்.

இது மட்டும் என்றால் அறியாமல் செய்த பிழை என்று மனதைத் தேற்றியிருப்பேன். அடுத்தது அறிந்தே செய்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் விபத்து அறிக்கை எழுத வேண்டியிருந்தது. பிள்ளைக்குக் காயம் என்றால் அது கட்டாயம். 'நடந்தது என்ன' என்று ஒரு பெட்டி. அதற்குள் எட்டு ஒன்பது வரிகள் எழுதலாம். நான் நன்றாக எழுதினேன். எனக்கு ஜேர்மன் நன்றாக எழுத வரும். 'வேட்டை விளையாட்டு' என்று எழுதவில்லை, 'உடலசைவு விளையாட்டு' என்று எழுதினேன். குழு அதில் ஈடுபட்டிருந்தபோது, தந்தை வெளிப்படையான காரணம் எதுவுமின்றி, அழுது மறுத்த பிள்ளையைப் பலவந்தமாக இழுத்துக்கொண்டு ஓடினார். அப்போது பிள்ளையின் கை முறிந்தது. இப்படி.

வெளிப்படையான காரணம் எதுவுமின்றி. அந்தச் சொற்களை எழுதும்போது, அவர் சொன்னது அவருடைய அந்தரங்கம், அதைக் காகிதத்தில் போட எனக்கு உரிமையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மை வேறு. காரணத்தை எழுதினால் விளையாட்டை எழுத வேண்டும். விளையாட்டை எழுதினால், யார் வந்திருக்கிறார்கள் என்று யோசியாமல் இதை விளையாட வைத்தது யார் என்ற கேள்வி வரும். என் வேலை ஒப்பந்தம் அந்த வருடக் கடைசியில் புதுப்பிக்கப்பட இருந்தது.

என் மேலாளர் வாசித்துவிட்டு, பெற்றோரின் பலவந்தத்தால் பிள்ளைக்குக் காயம் என்றால் பிள்ளைகள் நல அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும், அதுதான் விதி என்றார். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். சரி என்று தலையை ஆட்டினேன்.

மூன்று வாரம் கழித்து அந்த அண்ணையே போன் எடுத்தார். அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்களாம். மரியாதையான ஆட்கள்தானாம். மகளைத் தனி அறைக்குக் கூட்டிப்போய், அப்பாவுக்கு அடிக்கடி கோபம் வருமா, உன்னை வேறு எப்போது இழுத்திருக்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள்.

"நீங்கள் எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டிச்சினம்" என்றார். குரலில் கோபமே இல்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். "காரணம் இல்லாமல் எண்டு கிடக்காம். நான் உங்களுக்குக் காரணம் சொன்னனான் தானே, தங்கச்சி?"

"ஓம் அண்ணை, சொன்னனீங்கள்."

"அப்ப அதை ஒருக்கா அவையிட்டைச் சொல்லிவிடுறீங்களோ? எனக்கு அந்த அளவுக்கு பாஷை ஏலாது. மற்றது, உங்களைத் தவிர ஒருத்தரிட்டையும் அதைச் சொன்னதில்லை, இன்னொருக்காச் சொல்லவும் ஏலாது."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த டெர்மின், அதாவது அலுவலகத்தில் அவரை வரச் சொன்ன நாள், எப்போது என்று தேதியையும் குறித்துக்கொண்டேன். மறுநாள் மேலாளரிடம் பேசினேன். கையெழுத்திட்ட அறிக்கையை மாற்றினால் ஏன் முதலில் மறைத்தாய் என்று கேட்பார்கள், கொஞ்சம் பொறு, யோசிப்போம் என்றார். நானும் பொறுத்தேன். பொறுக்கச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரம் போனது. அவருடைய டெர்மினும் போய்விட்டது. அதற்கு நான்கு நாள் பிறகுதான் ஒரு முழுப்பக்கக் கடிதம் எழுதினேன்; விளையாட்டு, கயிறு, கொம்பு, மதிலடியில் அவர் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல்.

கடிதம் கிடைத்தது என்று அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் எடுத்தார். நல்லவிதமாகத்தான் பேசினார். முதல் அறிக்கை நடந்த உடனே எழுதப்பட்டது, இது நாட்பட்டு வருகிறது, நீங்களும் அவருடைய சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதையும் நாங்கள் பார்க்க வேண்டும் என்றார். கோப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். என் முதல் பொய்யை எல்லோரும் நம்பினார்கள். இரண்டாவதாக எழுதிய உண்மையை ஒரு தமிழ்ப் பெண் தன் ஆளுக்குச் செய்யும் உதவி என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல முடியாது. அவர்கள் கையில் இருந்தது என் எழுத்து.

பிள்ளையை எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் ஏழெட்டு மாதம், கிழமைக்கு ஒருநாள் ஒருவர் வந்து வீட்டில் இருந்து பார்த்துவிட்டுப் போவார். கோபத்தை அடக்கும் பயிற்சி ஒன்றுக்கு அண்ணையை அனுப்பினார்கள். மனைவிமேல் கைநீட்டியவர்களோடும் தெருவில் சண்டை பிடித்தவர்களோடும் வட்டமாகக் கதிரையில் இருந்து, அவர் கோபத்தை அடக்கப் பழகினார். மகளைத் தமிழ்ப் பள்ளிக்கு விடுவதை நிறுத்திவிட்டார்கள். இவை எல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். ஒரு விசேஷத்தில் என்னைக் கண்டபோது அக்கா ஏசவில்லை. "நீ ஜேர்மன் நல்லா எழுதுவாய் எண்டு எங்களுக்கு எல்லாம் எவ்வளவு பெருமை பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பாடு பரிமாறப் போய்விட்டார்.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

அடுத்த கோடையில் அந்தக் குடும்பம் வுப்பர்டாலுக்குப் போய்விட்டது. அங்கே மனைவியின் அக்கா இருக்கிறார். போகும் நாளன்று தற்செயலாக ஹனோவர் ரயில் நிலையத்தில் அவர்களைக் கண்டேன். நான்கு பெரிய பெட்டிகளுக்கு நடுவே அண்ணையும் மகளும் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி ஏதோ வாங்கப் போயிருக்க வேண்டும். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். பிறகு கிட்டப் போய், "அண்ணை" என்றேன்.

அவர் சட்டென்று எழுந்து நின்றார். அலுவலகங்களில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்போமே, அப்படி. எனக்கு ஜேர்மனில் வணக்கம் சொன்னார். நான் தமிழில் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை, அவ்வளவு உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்று, எல்லாம் சரி, நன்றி என்று மறுபடியும் ஜேர்மனிலேயே பதில் சொன்னார். முன்பைவிட நன்றாகவே பேசினார். ஒரு சொல்கூடத் தமிழில் வரவில்லை.

அந்தச் சிறுமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கை நன்றாக நேராகிவிட்டிருந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைதானே என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தகப்பனின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"அப்பா, இவவோட கதைக்கலாமோ?"

அதை மட்டும் தமிழில் கேட்டாள். என் காதில் விழாது என்று நினைத்தாளோ என்னவோ.

அவர் குனிந்து ஒரு பெட்டியைக் கையில் எடுத்தார். ரயில் வந்தது. பெட்டிகளை ஏற்ற உதவப் போனேன். வேண்டாம் என்று கையால் காட்டினார்.

நான் இப்போதும் அதே காட்டில்தான் வேலை செய்கிறேன். அந்த விளையாட்டை மறுபடி விளையாடவில்லை. வேட்டைக் கதையைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை. அது அந்தக் காட்டின் வரலாறு, மரங்களைவிட அதைக் கேட்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். சொல்லி முடித்ததும் யாராவது ஒருவர், என்ன அழகான இடம் என்பார். ஓம் என்பேன். அழகான இடம்தான்.

வேறு யாரிடமும் சொல்லாததை ஒரு மனிதர் என்னை நம்பி ஒரேயொரு தடவை சொன்னார். அதைக் கேட்ட ஒரேயொரு ஆளாக இருந்துகொண்டே, காரணம் எதுவுமில்லை என்று கையெழுத்திட்டவள் நான் என்பதை எந்த இரண்டாவது கடிதத்தாலும் என்னால் அழித்தெழுத முடியவில்லை.